இன்னொரு சறுக்குமரம் வேண்டாம், ஒரு மண்மேடு கொடுங்கள்

பூங்கா நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பூங்காவின் சிறுவர் பகுதியைப் புதுப்பிக்கப் போவதாக வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். நல்ல செய்தி. ஊஞ்சலின் சங்கிலி துருப்பிடித்திருக்கிறது, சறுக்குமரத்தின் ஓரம் விரிசல் விட்டிருக்கிறது. மாற்ற வேண்டியவைதான். ஆனால் அறிவிப்போடு இருந்த வரைபடத்தைப் பார்த்த பிறகு இந்த மடலை எழுதாமல் இருக்க முடியவில்லை. தரை முழுக்க ரப்பர். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கோட்டை, இரண்டு சறுக்குமரங்கள். சுற்றிலும் கம்பி வேலி. மரமும் புல்லும் புதரும் வேலிக்கு வெளியே. அங்கே ‘மிதிக்காதீர்கள்’, ‘தொடாதீர்கள்’, ‘ஏறாதீர்கள்’ என்று பலகைகள்.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இந்தப் பூங்காவுக்கு மாலையில் வரும் பிள்ளைகளில் பலர் என் வகுப்பில் படிக்கிறவர்கள். அவர்கள் சார்பில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒதுக்கியிருக்கும் இடத்தில் ஒரு மூலையை ரப்பர் போட்டு மூடாமல் மண்ணாகவே விடுங்கள். அங்கே மணலும், மரக்கட்டையும், கயிறும், கூழாங்கல்லும், ஒரு தண்ணீர்க் குழாயும் இருக்கட்டும். வாரத்தில் சில மணி நேரமாவது பொறுப்புள்ள ஒருவர் உடனிருந்து, பிள்ளைகள் தோண்டவும் கட்டவும் வரையவும் உற்றுப் பார்க்கவும் வழி செய்யட்டும்.

சறுக்குமரத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சாகசம். ஏழு வயதானவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சற்று நேரம் நின்று பாருங்கள். நேராக ஏறிச் சறுக்குவது சீக்கிரம் அலுத்துவிடுகிறது. பிறகு தலைகீழாகச் சறுக்குவார்கள், சறுக்கும் பக்கமாகவே ஏறுவார்கள், மேலிருந்து சரளைக் கல்லை உருட்டிவிடுவார்கள். அதற்குள் விசில் ஊதி இறக்கிவிடுவார்கள். ஊதுகிற காவலர்மேல் தவறில்லை, அவருக்குச் சொல்லியிருப்பது அப்படி. பிள்ளைகளிடமும் தவறில்லை. அந்தச் சாதனத்தில் செய்வதற்கு ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது. அதை அவர்கள் செய்து முடித்துவிட்டார்கள்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் கார்ல் தியோடர் சோரன்சன். அழகாகத் திட்டமிட்டு விளையாட்டுத் திடல்களை அமைத்தவர் அவர். பிள்ளைகளோ அந்தத் திடல்களை விட்டுவிட்டு, பக்கத்தில் கட்டடம் எழும்பும் இடங்களிலும் உடைசல் கிடக்கும் மனைகளிலும் போய் விளையாடுவதைப் பார்த்தார். அவர்களைத் தடுக்க அவர் வழி தேடவில்லை. பழைய பலகையும் செங்கலும் மண்ணும் நிறைந்த திடல் ஒன்றை அவர்களுக்கே கொடுத்தால் என்ன என்று 1931-இல் எழுதினார். அது நடைமுறைக்கு வந்தது 1943-இல், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில். நாடு அப்போது ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தது. அந்த நெருக்கடியிலும் பிள்ளைகளுக்கு ஒரு திடல் வேண்டும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. போருக்குப் பிறகு அதை நேரில் கண்ட ஆலன் சீமாட்டி என்ற ஆங்கிலேய நிலவடிவமைப்பாளர் பிரிட்டனுக்குத் திரும்பி, குண்டு விழுந்து பாழாய்க் கிடந்த மனைகளில் அதே மாதிரித் திடல்களை அமைக்கப் பாடுபட்டார்.

ஆம்ஸ்டர்டாம் கதை வேறு விதம். கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947-இல் தொடங்கி, அந்த நகரின் சந்து பொந்துகளிலும் காலி மனைகளிலும் எழுநூறுக்கும் மேற்பட்ட சிறு விளையாட்டிடங்களை அமைத்தார். பெரும்பாலானவற்றில் இருந்தது ஒரு மணல்தொட்டி, சில கம்பி வளைவுகள், தாண்டிக் குதிக்க உருளைக் கற்கள். யானை வடிவம் கிடையாது, கோட்டை கிடையாது. அந்தக் கல் இன்றைக்குக் கப்பல், நாளைக்குக் கடை. எதுவாக இருக்க வேண்டும் என்பது பிள்ளையின் கையில். சைமன் நிக்கல்சன் என்ற கலைஞர் 1971-இல் இதையே ஒரு கோட்பாடாக எழுதினார்: ஓரிடத்தில் எடுக்கவும் நகர்த்தவும் அடுக்கவும் கலைக்கவும் எத்தனை பொருள்கள் இருக்கின்றனவோ, அந்த அளவுக்குத்தான் அங்கே புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வாய்ப்பு இருக்கும். அந்த அளவுகோலை உங்கள் வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். அதில் ஒரு பிள்ளை கையில் எடுத்து நகர்த்தக்கூடிய பொருள் ஒன்றுகூட இல்லை.

விளையாட்டு ஒரு பக்கம். ஆசிரியையாக நான் அதிகம் கவலைப்படுவது கற்றலைப் பற்றி.

எறும்புகள் மோப்பத் தடத்தைப் பின்பற்றிச் செல்கின்றன என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். வகுப்பறையில் அதைப் படித்து, கேள்வி பதில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். அதே பிள்ளைகளை ஒரு மரத்தடியில் எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் குந்த வையுங்கள். ஈரத் துணியால் வரிசையின் குறுக்கே ஒரு விரற்கடை அகலத்துக்கு மெல்லத் துடையுங்கள். எறும்புகள் நிற்கும். முன்னால் வந்தது திரும்பும், பின்னால் வந்தது அதன்மேல் மோதும். கோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம் சேரும். உணர்கொம்பை ஆட்டியபடி ஒன்று மட்டும் துடைத்த இடத்தில் இறங்கும், பின்வாங்கும், மறுபடி இறங்கும். ஒன்று கடந்ததும் இன்னொன்று, அப்புறம் நாலு, சற்றைக்கெல்லாம் பழைய வரிசை. “யாரு முதல்ல போறதுன்னு எப்படி முடிவு பண்ணுதுங்க?” என்று என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். புத்தகத்தில் இல்லாத கேள்வி அது. எறும்பு ஆராய்ச்சியாளர்கள் கேட்கிற கேள்வியும்கூட. வகுப்பில் வாயே திறக்காத பையன் அவன் என்பதையும் சொல்ல வேண்டும்.

நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் படும் திறந்த இடத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒரு கல். நண்பகலை ஒட்டி இதைச் செய்தால், நிழல் குறுகிக் குறுகி வந்து ஒரு கல்லில் திரும்பி மறுபடி நீளத் தொடங்குவது தெரியும். நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரம் சரியாகப் பன்னிரண்டு மணி என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. கடிகாரம் ஒன்று சொல்கிறது, சூரியன் ஒன்று சொல்கிறது என்றதும் வரும் பரபரப்பைப் பார்க்க வேண்டும். மிகக் குட்டையான அந்த நிழல் கிடக்கும் திசைதான் வடக்கு-தெற்கு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் இப்படி நிழலின் கோணத்தைக் கொண்டே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார் என்று அப்போது சொன்னால், அது கதையாக நிற்காது. அவர் கையில் இருந்த கருவி தங்கள் கையிலும் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். இதற்கு வேண்டியது ஒரு குச்சி, சில கற்கள், யாரும் வந்து கலைக்காத நாலடி மண். குச்சியும் கல்லும் எங்களிடம் இருக்கின்றன. அந்த நாலடி மண்தான் இல்லை.

கலைக்கும் இதே கதிதான். விடுமுறைக் காலத்தில் ‘ஓவியப் பயிற்சி’ என்று நடக்கும் பல முகாம்களில் அச்சிட்ட படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். எல்லாத் தாளிலும் ஒரே மரம். பூங்காவில் இருந்துகொண்டு அச்சில் வந்த மரத்துக்குப் பச்சை தீட்டுவானேன்? ஈரக் களிமண் உருண்டையை ஒரு மரத்தின் பட்டைமேல் அழுத்தி எடுத்தால் அந்த மரத்தின் முகம் களிமண்ணில் பதிந்துவிடும். பக்கத்து மரத்தில் அழுத்தினால் வேறு முகம். இலையின் நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி தாளுக்கு அடியில் வைத்து, மெழுகு வண்ணக் கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பு ஒவ்வொன்றாக எழுந்து வரும். சாதாரண வண்ணத் தாளின்மேல் இலையை வைத்து வெயிலில் சில நாள் விட்டால் சுற்றிலும் வெளுத்துப்போய் இலை மட்டும் தன் நிறத்தில் நிற்கும். எனக்கு மிகவும் பிடித்தது ஒலி வரைபடம். தாளின் நடுவில் ஒரு புள்ளி, அதுதான் நீ. கண்ணை மூடிக் கேள். எந்தப் பக்கமிருந்து என்ன ஓசை வருகிறதோ அதை உனக்குத் தோன்றிய குறியால் அந்தப் பக்கத்தில் வரை. பறவைக்குச் சுழியும், வண்டிக்குப் பட்டைக் கோடும், காற்றுக்குப் புள்ளிகளுமாக ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு மாதிரி வரும். ஐந்து நிமிடம் சும்மா உட்காராத பிள்ளைகள் இதற்காக அசையாமல் உட்காருகிறார்கள்.

உடல் நலத்தையும் சொல்லிவிடுகிறேன். இது ஆசிரியையின் ஆசை மட்டும் அல்ல. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பாதிப் பள்ளிகளைச் சேர்ந்தவர்களுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு நடத்தினார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். பகல் வெளிச்சம் வளரும் கண்ணுக்குத் தேவைப்படுகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். பின்லாந்தில் 2020-இல் வெளியான இன்னோர் ஆய்வில், சில குழந்தைகள் காப்பகங்களின் முற்றங்களில் காட்டுத் தரையின் மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து போட்டு, மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை அதில் விளையாட விட்டார்கள். 28 நாளில் அவர்கள் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை பெருகியது, நோய் எதிர்ப்பு அமைப்பு சீராக இயங்குவதற்கான அறிகுறிகளும் இரத்தத்தில் தெரிந்தன. சின்ன ஆய்வுதான், எழுபத்தைந்து பிள்ளைகள். ஆனால் அங்கே மெனக்கெட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்டார்கள். நாம் இருக்கிற மண்ணை ரப்பரால் மூடப் போகிறோம். அந்த ரப்பர் உச்சி வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும் என்பதையும் யோசியுங்கள்.

உங்கள் தயக்கங்களும் எனக்குத் தெரியும். விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். நியாயமான கேள்வி. இதில் இரண்டு வகை உண்டு. பிள்ளையால் பார்த்து எடைபோட முடியாத ஆபத்து ஒன்று: துருப்பிடித்த ஆணி, உளுத்த கிளை, கண்ணாடிச் சில்லு, மூடாத வடிகால். இவற்றைத் தேடித் தேடி அகற்றுவது பெரியவர்களின் கடமை. அதில் சமரசமே கூடாது. மற்றது, பிள்ளை தன் கண்ணால் பார்த்து, தன் உடம்பால் அளந்து, இறங்கலாமா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கக்கூடிய சவால்: தாழ்ந்த கிளையின் உயரம், ஆடும் பலகை, வழுக்கும் மண்மேடு. இதையும் சேர்த்து அகற்றிவிட்டால் பயத்தை அளக்கப் பிள்ளை எங்கே பழகும்? ஏறுவதற்கென்று தாழ்ந்த கிளைகள் உள்ள ஒரே ஒரு மரத்தைத் தோட்டக்காரரைக் கொண்டு சோதித்துத் தேர்ந்தெடுங்கள். அடியில் மரத்தூளோ மரச்சீவலோ தடிமனாகப் பரப்புங்கள். மற்ற மரங்களில் பலகை அப்படியே இருக்கட்டும்.

மணலில் பூனையும் நாயும் அசுத்தம் செய்யும் என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் மணல்தொட்டிக்கு ஒரு மூடி வேண்டும், தினமும் காலையில் ஒருமுறை கிளறிவிட ஆள் வேண்டும், கை கழுவக் குழாயும் சோப்பும் பக்கத்திலேயே வேண்டும். தண்ணீரைத் தொட்டியில் தேக்கி வைக்கக் கூடாது. சில அங்குல ஆழம்கூடச் சிறு குழந்தைக்கு ஆபத்து, கொசுவுக்கும் வசதி. வாளியில் பிடித்து, விளையாடி முடிந்ததும் செடிகளுக்கு ஊற்றிவிடலாம். கயிறுகள் குட்டையாக இருக்க வேண்டும், பிள்ளைகள் போன பிறகு எல்லாப் பொருளையும் எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். இவை எல்லாம் வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. பிளாஸ்டிக் கோட்டைக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும்.

சத்தம் வரும். காலாற நடக்க வருகிற பெரியவர்கள் அமைதியை எதிர்பார்ப்பது சரியே. நடைபாதைக்கு எதிர் மூலையை எங்களுக்குக் கொடுங்கள். ஆனால் அவர்களில் சிலர் நிழல் கல் வைக்கும் இடத்துக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்றே நினைக்கிறேன். பூவும் பூச்சியும் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் ஏது?

இன்னொருவரை மறக்கக் கூடாது, உங்கள் தோட்டக்காரர். எந்தப் புதரில் கூடு இருக்கிறது, எந்த மரம் எப்போது இலை உதிர்க்கும், எந்தச் செடியைத் தொட்டால் அரிக்கும் என்று இந்தப் பூங்காவில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வாரத்தில் அரை மணி நேரம் அவர் பிள்ளைகளோடு பேச வேண்டும். அதை ஓசி வேலையாக அவர் தலையில் கட்டாமல், அவருடைய பணி நேரத்திலேயே சேர்த்து அதற்கான ஊதியமும் கொடுக்க வேண்டும். பெருக்கிய சருகை எரிக்காமல் ஒரு மூலையில் குவிக்கச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து அதைப் புரட்டினால் மரவட்டையும் மண்புழுவும் வெள்ளைப் பூஞ்சை இழைகளுமாக ஒரு முழுப் பாடம் அதற்குள் இருக்கும்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளுக்காக ஒரு வேண்டுகோள் தனியாக. மணல்தொட்டி தரையில் மட்டும் இருந்தால் அவர்கள் ஓரத்தில் இருந்து வேடிக்கைதான் பார்க்க முடியும். முழங்கால் உள்ளே போகும்படி உயர்த்திக் கட்டிய மணல் மேசை ஒன்று வேண்டும். அங்கே வருவதற்குச் சக்கரம் புதையாத கெட்டியான பாதையும் வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிவைக்காதீர்கள். தள்ளிவைத்தவை வந்து சேர்வதில்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்காகத் தொட்டும் முகர்ந்தும் அறியக்கூடிய செடிகளைப் பாதையோரம் கை எட்டும் உயரத்தில் வையுங்கள்.

ஐ.நா. பொதுச்சபை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு ஓய்வு, விளையாட்டு, கலை ஆகியவற்றை ஒவ்வொரு குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. 12-ஆவது பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளைகளின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. இந்தச் சிறுவர் பகுதியைப் பற்றி இதுவரை எந்தச் சிறுவரையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. என் வகுப்பில் கேட்டேன். வரைந்தே காட்டுங்கள் என்றேன். சறுக்குமரம் வரைந்தவர்கள் உண்டு. அதைவிட அதிகமாக வந்தவை குகை, ஒளிந்துகொள்ளப் புதர், சேற்றுக் குழி, மரத்தின் மேல் ஒரு பலகை வீடு. ஒரு பெண் குழந்தை வெறும் பழுப்பு நிறத்தைத் தாள் முழுக்கத் தேய்த்து, நடுவில் ஒரு மண்வெட்டியை மட்டும் வரைந்திருந்தாள். அந்தப் படங்களை உங்கள் அலுவலகத்தில் சேர்ப்பித்துவிட்டேன். வரைபடத்தை இறுதி செய்யும் கூட்டத்தில் அவற்றை மேசைமேல் பரப்பி வையுங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்கள் என்ன செய்வோம் என்பதையும் எழுத்தில் தருகிறேன். பெற்றோர்கள் சிலரும் நானும் முறை வைத்து உடனிருப்போம். முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொள்வோம். பொருள்களைச் சேகரிப்பது, சோதிப்பது, பூட்டி வைப்பது எங்கள் பொறுப்பு. பிள்ளைகளோடு தனியாக எந்தப் பெரியவரும் இல்லாதபடி எப்போதும் இருவர் இருப்போம். ஒரு பருவம் மட்டும் அனுமதி கொடுங்கள். முடிவில் நீங்களே வந்து பார்த்து, தொடரலாமா என்று முடிவு செய்யுங்கள். நாங்கள் கேட்பது நிரந்தரக் கட்டடமோ பெரிய நிதியோ அல்ல. வடக்கு மூலையில் பழைய கருவிக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள காலி இடம், அந்தக் கொட்டகையின் ஒரு சாவி, குழாய்க்கு ஓர் இணைப்பு. ரப்பர் தளத்துக்கான வேலை அந்த மூலையிலிருந்துதான் தொடங்கப்போகிறது என்று கேள்விப்பட்டேன். ஆகவே ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே உங்கள் பதில் கிடைத்தால் நல்லது. கூட்டத்துக்கு அழைத்தால் எந்த நேரமானாலும் வருகிறோம்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
பூங்காவுக்கு வரும் பிள்ளைகளின் ஆசிரியை